எறும்பு பின்னாடி துனிசியா

போன மாசம் நானும் தங்கச்சியும் துனிசியா போயிட்டு வந்தோம். அங்கங்க போன்ல குறிச்சு வச்சதை இப்ப உக்காந்து விரிச்சு எழுதுறேன். ஏன் துனிசியான்னு நிறைய பேர் கேட்டாங்க. காலேஜ்ல பூச்சி நடத்தை பாடம் நடத்துறப்ப ரூடிகர் வேனர்ங்கிற பேர் வராம ஒரு வருஷம் கூட போகாது. 1940ல ஜெர்மனில பிறந்தவர், தேனீ ஆராய்ச்சியாளர் மார்ட்டின் லிண்டாவர்கிட்ட டாக்டரேட் பண்ணி, அப்புறம் சூரிச் பல்கலைக்கழகத்துல இருந்தவர். 1969ல இருந்து பல பத்து வருஷம் கோடைக்கோடை துனிசியாவுல மஹ்ரெஸ்னு ஒரு சின்ன கடலோர ஊருக்கு வந்து கேட்டக்ளிஃபிஸ்ங்கிற பாலைவன எறும்பு பின்னாடியே நடந்திருக்கார். அந்த ஊர் பேரை ஆராய்ச்சிக் கட்டுரை ஒவ்வொண்ணுலயும் படிச்சு படிச்சு, ஒரு மனுஷன் வாழ்க்கை முழுக்க திரும்பத் திரும்ப வர்ற அளவுக்கு அங்க என்னதான் இருக்குன்னு பாத்தே ஆகணும்னு ஆயிடுச்சு.

ஜூலை 2, புதன், துனிஸ்

காலையில இறங்கி, குளிச்சு, தெருவுக்கு வந்தப்பவே வெயில் உறைச்சது. முதல் சாப்பாடு லப்லாபி. பழைய ரொட்டியை கையால பிச்சு கிண்ணத்துல போட்டு, மேல கொண்டைக்கடலையோட சூடான தண்ணிச்சாறு, சீரகம், ஹரிஸ்ஸா மிளகாய் விழுது, ஆலிவ் எண்ணெய், ஒரு அரைவேக்காட்டு முட்டை, எல்லாத்தையும் ஸ்பூனால குழப்பி அடிக்கணும். கடைக்காரர் எங்க முகத்தைப் பாத்துட்டு ஹரிஸ்ஸாவை கம்மியா வைக்கப் போனார், தங்கச்சி இன்னும் ரெண்டு ஸ்பூன் போடுங்கன்னு பிரெஞ்சுல சொன்னதும் கடையே திரும்பிப் பாத்துச்சு. 5 தினார், நம்ம காசுக்கு ஒரு 150 ரூபா, மதியம் வரைக்கும் பசிக்கல. துனிஸ் பத்தி எழுத வேற ஆளுங்க இருக்காங்க, நான் நேரா தெற்கே போறேன்.

ஜூலை 3, வியாழன், கைரவான்

லுவாஜ்னு ஒண்ணு இருக்கு. எட்டு பேர் ஏறினாத்தான் கிளம்பும், சிவப்புக் கோடு போட்ட வெள்ளை வேன். முன்கூட்டி புக்கிங் எல்லாம் கிடையாது. பக்கத்துல உக்காந்த அம்மா பையிலிருந்து பீச் பழம் எடுத்துத் துடைச்சு கையில கொடுத்தாங்க, வேண்டாம்னு சொல்ல விடல.

கைரவான்ல இறங்கினதும் ஷிஹிலி, அதாவது சஹாரா பக்கமிருந்து வர்ற சூட்டுக் காத்து. போன்ல 43 டிகிரி. பெரிய மசூதி கி.பி. 670ல ஆரம்பிச்சது, முஸ்லிம் அல்லாதவங்க முற்றம் வரைக்கும் போகலாம், தொழுகை மண்டபத்தை மரக்கதவு வழியா பாத்துக்கலாம். அந்த முற்றத்துக் கல்லுல செருப்போட நிக்கவே கால் சுட்டுச்சு. காவலுக்கு இருந்த பெரியவர் தூண் நிழல்ல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களை உக்கார வச்சார்.

நான் இந்த ஊருக்கு வந்தது மசூதிக்காக மட்டும் இல்லை. ஃபெலிக்ஸ் சான்ட்ஷின்னு ஒரு சுவிஸ் டாக்டர், 1872ல பிறந்தவர், 1901ல இங்க வந்து குடியேறி வைத்தியம் பாத்துக்கிட்டே மிச்ச நேரம் முழுக்க எறும்பு பாத்தவர். ஊர்க்காரங்க அவரை தபீப் என்னெம்ல்னு கூப்பிட்டாங்களாம், எறும்பு டாக்டர். 1911ல அவர் பண்ணின சோதனைக்கு செலவுன்னு பாத்தா ஒரு கண்ணாடிதான். கூட்டுக்குத் திரும்பிப் போற எறும்புக்கு சூரியனை ஒரு தடுப்பு வச்சு மறைச்சு, எதிர்ப்பக்கத்துல இருந்து முகம் பாக்குற கண்ணாடியால சூரியனைக் காட்டினார். எறும்பு அப்படியே திரும்பி எதிர்த்திசையில நடந்துச்சு. சூரியனை வச்சு திசை பிடிக்குதுன்னு அதோட தெரிஞ்சு போச்சு. பின்னாடி 1923ல, அட்டை உருளைக்குள்ள எறும்பை விட்டு சூரியனே தெரியாம வானத்துல ஒரு துண்டு மட்டும் தெரியற மாதிரி பண்ணியும் அது சரியான திசையில போச்சு. வெறும் நீல வானத்துல அது எதைப் பாக்குதுன்னு அவருக்குப் புரியல. விடை 1949ல தேனீ மூலமா கார்ல் ஃபான் ஃப்ரிஷ்ங்கிற தேனீ ஆராய்ச்சியாளர் கொடுத்தார், வானத்து வெளிச்சம் போலரைஸ் ஆகியிருக்கிற விதத்தை, அதாவது ஒளி அலை எந்தப் பக்கமா அதிருதுங்கிறதை, அந்தக் கண் படிக்குது. சான்ட்ஷி 1940லயே இறந்துட்டார். இதை நினைச்சாலே எனக்கு மனசு கனத்துப் போகும், ஒன்பது வருஷம் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும் அவருக்கு.

அவர் இருந்த வீடு எதுன்னு கேட்டுப் பாப்போம்னு ஒரு மருந்துக் கடையில நுழைஞ்சோம். தங்கச்சி பிரெஞ்சுல விளக்க விளக்க அந்த மருந்துக்கடைக்காரருக்கு ஆர்வம் தாங்கல, அவருக்குத் தெரியல ஆனா ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தருக்குத் தெரியலாம்னு போன் போட்டார், அந்த வாத்தியார் அந்த வெயில்ல மொபெட்ல வந்து இறங்கிட்டார். அவருக்கும் தெரியல. ஆனா கண்ணாடி சோதனையை ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுட்டு, சாயங்காலம் அக்லபித் குளங்கள்ங்கிற பழங்கால நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்து வெட்டவெளிக்கு வாங்க, அங்க எறும்பு நிறைய இருக்குன்னு சொன்னார்.

போனோம். ஆறு மணிக்கு மேல, சூரியன் சாஞ்சிருந்தது. தானியம் தூக்குற மெஸ்ஸோர் எறும்பு வரிசை வரிசையா போச்சு. தங்கச்சி குடையைப் பிடிச்சா, நான் அவ கைப்பை கண்ணாடியைத் திருப்பினேன், வாத்தியார் குத்துக்கால் போட்டு உக்காந்து அரபியில வர்ணனை. வரிசையில போன எறும்பு எதுவும் சட்டை பண்ணல, அதுக்கு தரையில வாசனைத் தடம் இருக்கு. வரிசையை விட்டு தனியா ஒரு உமியை இழுத்துக்கிட்டுப் போனது ஒண்ணு மட்டும் நின்னு, உணர்கொம்பை ஆட்டி, பக்கவாட்டுல திரும்பி கொஞ்ச தூரம் நடந்துச்சு. குடையை எடுத்ததும் மறுபடி பழைய வழிக்கே வந்துச்சு. ஒரு எறும்பை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனா அந்த மண்ணுல அதைப் பாத்தேன். சுத்தி நின்ன பசங்க கைதட்டினாங்க.

ராத்திரி மக்ரூத் கடை. ரவையில பேரீச்சம்பழம் வச்சு பொரிச்சு பாகுல போட்டது. கடைக்காரர் ருசி பாக்கக் கொடுத்ததே அஞ்சாறு துண்டு இருக்கும், அரைக்கிலோ வாங்கினோம்.

ஜூலை 4, வெள்ளி, ஸ்ஃபாக்ஸ் வழியில

லுவாஜ் பாதி வழியில டயர் வெடிச்சு நின்னுச்சு. சுத்தி ஆலிவ் தோப்பு, கண்ணுக்கு எட்டின வரைக்கும் கட்டம் போட்டு நட்ட மாதிரி ஆலிவ், நிழல் மட்டும் கம்மி. மாத்து டயர்லயும் காத்து இல்லை. டிரைவர் யார் யாருக்கோ போன் பண்ணினார், ஒண்ணரை மணி நேரம். யாரும் கத்தல. ஒரு தாத்தா தர்பூசணியை முழங்கால்ல வச்சே வெட்டி எல்லாருக்கும் பங்கு போட்டார், முதல் துண்டு எங்களுக்கு. ஸ்ஃபாக்ஸ் போய் சேர்ந்தப்ப மத்தியானம் தாண்டிடுச்சு, ரூம்ல ஏசி ஓடல, ஓடும் ஓடும்னே சொன்னாங்க, ராத்திரி மொட்டைமாடியில பாய் போட்டுப் படுத்தோம்.

ஜூலை 5, சனி, மஹ்ரெஸ்

ஸ்ஃபாக்ஸ்ல இருந்து தெற்கே 35 கிலோமீட்டர்தான். கடல் இங்க வித்தியாசமா இருக்கு. கேபெஸ் வளைகுடாவுல மத்தியதரைக் கடல்லயே பெரிய ஏற்ற இறக்கம் உண்டு, காலையில படகெல்லாம் சேத்துல உக்காந்திருந்துச்சு, மதியம் மிதந்துச்சு. கரையோரம் முழுக்க சிற்பங்கள், வருஷா வருஷம் இங்க ஓவியம் சிற்பத்துக்குன்னு சர்வதேச விழா நடக்குது.

ஊர் ரொம்ப சாதாரணம், அதுவே எனக்கு ஆச்சரியம். ஒரு பெரிய ரோடு, ரெண்டு பக்கமும் காபிக் கடை, பெயிண்ட் கடை, மீன் சுடுற கடை. ப்ரீக் சாப்பிட்டோம், மெல்லிசு மாவுத்தாள்ல முட்டையை உடைச்சு ஊத்தி மடிச்சு எண்ணெயில போடுறது, கடிச்சா மஞ்சக்கரு வழியும். அரசு மானிய ரொட்டி ரொம்ப மலிவு, அதை எந்தக் கடையிலயும் கூடையில வச்சு கேக்காமலே கொண்டு வந்து வைக்கிறாங்க.

காபிக் கடையில ஒரு வயசான மீனவர் எங்ககிட்ட எந்த ஊர்னு கேட்டு, ஷாருக் கான் பேச்செல்லாம் முடிஞ்சதும் எதுக்கு வந்தீங்கன்னார். எறும்புன்னு தங்கச்சி சொன்னதும் சிரிக்கல. சுவிஸ்காரங்களா, வருவாங்க, தொப்பி போட்டுக்கிட்டு மத்தியானத்துல எறும்பு பின்னாடி நடப்பாங்க, நாங்க சின்னப் பசங்க தூரத்துல நின்னு பாப்போம், பேப்பர்ல எழுதிக்கிட்டே போவாங்க, கீழ விழ மாட்டாங்கன்னு சொல்லிட்டு அவர் அந்த நடையையே நடந்து காட்டினார். காபிக்கு காசு கொடுக்க விடல.

ஜூலை 6, ஞாயிறு, மஹ்ரெஸ்

காலை பத்து மணிக்கு ஊருக்கு வெளிய புதர்க்காட்டுக்கு நடந்து போனோம். பத்து நிமிஷத்துல முதல் கேட்டக்ளிஃபிஸ் பைகலர். நீளக்கால், வயிறை மேல தூக்கி வச்சுக்கிட்டு ஒரே ஓட்டம், திடீர்னு நின்னு ஒரு சுத்து, மறுபடி ஓட்டம். கூட்டமா போறதே இல்லை, ஒவ்வொண்ணும் தனித்தனி. சூட்டுல செத்த பூச்சி எங்க கிடைக்கும்னு சொல்ல முடியாது, தரையில வாசனை போட்டாலும் ஆவியாப் போயிடும். அதனால ஒவ்வொரு எறும்பும் தன் வழியைத் தானே தலைக்குள்ள வச்சிருக்கணும். இப்படி வெளிய வர்ற எறும்பு சராசரியா ஆறு நாள்தான் உயிரோட இருக்கும்னு இங்கேயே கணக்கெடுத்திருக்காங்க.

வேனர் குழு என்ன பண்ணினாங்கன்னு இங்க நின்னு பாத்தாத்தான் முழுசா விளங்குது. தரையில வெள்ளைக் கோடு போட்டு மீட்டர் மீட்டரா கட்டம் கட்டி, கையில அதே கட்டம் போட்ட தாளோட எறும்பு பின்னாடி நடந்து அது போன வழியை அப்படியே வரைஞ்சாங்க. அப்படி வரைஞ்ச ஒரு படம் ரொம்பப் பிரபலம்: வளைஞ்சு நெளிஞ்சு கிட்டத்தட்ட 600 மீட்டர் சுத்தின எறும்பு, இரை கிடைச்ச இடத்துல இருந்து கூட்டுக்கு 140 மீட்டர் நேர்கோடா திரும்புது. போன ஒவ்வொரு திருப்பத்தையும் தூரத்தையும் கூட்டிக் கழிச்சு வீடு இப்ப எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்னு எப்பவும் கையில தயாரா வச்சிருக்கு.

அப்புறம் சக்கரம் வச்ச ஒரு சட்டம் செஞ்சாங்க. எறும்பு நடக்க நடக்க ஒரு ஆள் அதை எறும்புக்கு மேலயே தள்ளிக்கிட்டுப் போவார். சுத்தி இருக்கிறது எதுவும் தெரியாது, சூரியன் தெரியாது, மேல மாட்டின வடிகட்டி வழியா வானம் எப்படித் தெரியணும்னு நாம முடிவு பண்ணலாம். அந்த வண்டியாலதான் எறும்போட கூட்டுக்கண், அதாவது பல சின்னக் கண்ணு சேர்ந்த கண்ணோட மேல் விளிம்புல இருக்கிற சின்னப் பகுதி, அல்ட்ரா வயலட்ல, போலரைஸ்டு வெளிச்சத்தைப் படிக்குதுங்கிறது ஒவ்வொரு துண்டா வெளிய வந்துச்சு. நானும் ஒரு எறும்பு பின்னாடி நோட்டோட நடந்து பாத்தேன். தரையைப் பாக்கணும், எறும்பைப் பாக்கணும், நோட்டுல வரையணும், புதர்ல கால் மாட்டாம இருக்கணும், என் நிழல் அது மேல விழக்கூடாது. கால் மணி நேரத்துல தலை சுத்திடுச்சு. "அக்கா, போதும், நிழலுக்கு வா"ன்னு தங்கச்சி கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. இதை அவர் வருஷம் வருஷமா, மனைவி சிபில்லே கூடவும் மாணவர்கள் கூடவும் பண்ணினார். ஆராய்ச்சின்னா சூரிச்ல மைக்ரோஸ்கோப், நியூரான்ங்கிற நரம்பு செல், எலக்ட்ரோடுன்னு இருக்கும், அதுவும் நடந்துச்சு. ஆனா அந்த நியூரான்கிட்ட என்ன கேக்கணும்ங்கிற கேள்வி இந்தப் புழுதியில நடந்ததுல இருந்துதான் வந்துச்சு. எனக்கு இந்தப் பயணத்துல கிடைச்ச பெரிய விஷயம் இதுதான், என் பசங்களுக்கு இனிமே பாடத்தை இங்க இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன்.

மதியம் சுட்ட மீன், ஸ்லாத்தா மெஷ்வியா, அதாவது சுட்ட மிளகாயும் தக்காளியும் நசுக்கினது. ரெண்டு பேருக்கு 38 தினார். அப்புறம் நாலு மணி வரைக்கும் தூக்கம், ஊரே தூங்குது.

ஜூலை 7, திங்கள், மென்ஸெல் ஷாக்கர் பக்கம் உப்பு வெளி

டாக்ஸி நாள் வாடகை 120 தினார் பேசினோம். டிரைவருக்கு உப்பு வெளிக்கு யாராவது போவாங்களான்னு சந்தேகம், கூடவே வந்துட்டார்.

இதைப் பத்தி படிச்சது எதுவும் என்னைத் தயார் பண்ணல. ஒண்ணுமே இல்லை. புல் இல்லை, கல் இல்லை, வெள்ளையும் பழுப்புமா தட்டையா போயிட்டே இருக்கு, தூரத்துல கானல். நூறு அடி நடந்து திரும்பிப் பாத்தா கார் மட்டும்தான் அடையாளம். இங்க இருக்கிறது கேட்டக்ளிஃபிஸ் ஃபோர்ட்டிஸ். கூட்டு வாய் ஒரு சின்ன ஓட்டை, சுத்தி மண்ணைக் குவிச்சு மேடு. வெளியோட ஓரத்துல, புதர் தெரியற இடத்துல இருக்கிற கூடுங்களுக்கு மேடு சின்னதா இருக்கு, நடுவுல போகப் போக உயரமா இருக்கு. இதை 2023ல ஜெர்மனில யேனாவுல இருக்கிற மாக்ஸ் ப்ளாங்க் ஆராய்ச்சி நிறுவனக் குழு சோதிச்சு எழுதியிருந்தாங்க. மேட்டை எடுத்துட்டா வீடு திரும்புற எறும்பு குறைஞ்சது, பக்கத்துல கருப்பு உருளை ரெண்டை அடையாளமா நட்டு வச்சா எறும்பு மேட்டைத் திரும்பக் கட்ட அவ்வளவா மெனக்கெடல. தனக்கு அடையாளம் இல்லாத இடத்துல தானே அடையாளம் கட்டிக்குது. படிச்சப்ப ரசிச்சேன், மேட்டு முன்னாடி நின்னப்ப பேச்சு வரல.

பிஸ்கட் தூள் எடுத்துட்டுப் போயிருந்தோம். கூட்டுல இருந்து பத்து மீட்டர் தள்ளி வச்சு காத்திருந்தோம், ஒண்ணு வந்து கவ்வுச்சு. அதை டப்பாவுல ஏத்தி, பக்கவாட்டுல ஒரு முப்பது மீட்டர் கொண்டு போய் விட்டேன். எடுக்காம விட்டிருந்தா எந்தத் திசையில ஓடியிருக்குமோ அதே திசையில, அதே பத்து மீட்டர் அளவுக்கு ஓடி, கூடு இருக்க வேண்டிய இடத்துல நின்னுச்சு. அப்புறம் அங்கேயே சுத்த ஆரம்பிச்சது, முதல்ல சின்ன வளையம், திரும்ப ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து இன்னொரு பக்கம் பெரிய வளையம். இந்தத் தேடல் முறையை 1981ல வேனரோட சேர்ந்து எழுதினது ஸ்ரீனிவாசன், நம்ம நாட்டுல பிறந்து, பின்னாடி ஆஸ்திரேலியாவுல தேனீ எப்படித் தூரம் அளக்குதுன்னு கண்டுபிடிச்சாரே, அவர்தான். எறும்பை ரொம்ப நேரம் அலைய விட மனசு வரல, எடுத்துக் கூட்டு வாசல்ல விட்டேன், பிஸ்கட்டை விடாம உள்ள இறங்கிடுச்சு. டிரைவர் இன்னொரு தடவை பண்ணுங்கன்னார், இந்த முறை டப்பாவை அவரே பிடிச்சார்.

திசை வானத்துல இருந்து, சரி. தூரம்? அதுக்கான சோதனைதான் என் வகுப்புல எல்லாருக்கும் பிடிக்கும், விட்லிங்கர், வேனர், வோல்ஃப் மூணு பேரும் 2006ல வெளியிட்டது. பத்து மீட்டர் நடந்து இரைகிட்ட வந்த எறும்போட காலுல பன்னி முடியை ஒட்டிப் பொய்க்கால் கட்டினாங்க, வேற சிலதுக்குக் காலைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கினாங்க. பொய்க்கால் எறும்பு வீட்டைத் தாண்டி 15 மீட்டர் கிட்ட போய்த் தேடுச்சு, குட்டைக்கால் 6 மீட்டருக்குள்ளயே நின்னு தேடுச்சு. அதே எறும்புங்களைக் கூட்டுல விட்டு, மாறின காலோடயே போகவும் வரவும் வச்சப்ப தூரம் சரியா வந்துச்சு. எத்தனை அடி எடுத்து வச்சோம்ங்கிறதை வச்சுத் தூரத்தை அளக்குது. டிரைவருக்கு இதை தங்கச்சி சொன்னப்ப அவர் வண்டியை ஓரமா நிறுத்திட்டுக் கேட்டார்.

ஜூலை 9, புதன், டூஸ்

நேத்து முழுக்கப் பயணம், கேபெஸ், கெபிலி, தூசி. டூஸ்ல மணல்மேடு ஊர் எல்லையிலேயே ஆரம்பிக்குது. இங்க கேட்டக்ளிஃபிஸ் பாம்பிசினா, வெள்ளி எறும்பு. உடம்புல முக்கோண வடிவ முடி வெயிலைத் திருப்பி அடிக்குது, அதான் பாதரசத் துளி ஓடற மாதிரி மின்னுது. 2019ல ஜெர்மனியோட உல்ம் பல்கலைக்கழகக் குழு டூஸ்லதான் இதோட வேகத்தை அளந்தாங்க, நொடிக்கு 85 சென்டிமீட்டர், தன் உடம்பு நீளத்தைப் போல 108 மடங்கு.

மத்தியானம் மட்டும்தான் வெளிய வரும். பல்லி சூடு தாங்காம வளைக்குள்ள போனப்புறம் வரும், 53 டிகிரி தாண்டினா தானே செத்துடும், அந்த இடைவெளிதான் அதோட வேலை நேரம். தங்குற இடத்து அம்மா நாங்க பன்னெண்டு மணிக்குக் கிளம்பறதைப் பாத்து வாசல்ல மறிச்சு நின்னுட்டாங்க, கடைசியில தலைக்கு ஈரத் துணி கட்டி விட்டு, தண்ணி பாட்டில் நாலு கொடுத்து, மகனையும் கூட அனுப்பினாங்க. ஒரு மணி வரைக்கும் ஒண்ணும் இல்லை. அப்புறம் ஒரே நேரத்துல மணல்ல இருந்து கொப்பளிச்ச மாதிரி வந்துச்சுங்க. கண்ணால தொடர முடியல, நிழல்தான் தெரியுது. அந்தப் பையன் இவ்வளவு வருஷம் இங்க இருந்தும் இதைக் கவனிச்சதில்லைன்னு சொல்லி மணல்ல முட்டி போட்டு உக்காந்துட்டான், நாங்கதான் எழுப்ப வேண்டியதாச்சு.

ராத்திரி கூஸ்கூஸ், ஆட்டுக்கறி, பூசணி. சாப்பிடறப்ப பையன் கேட்டான், அடியை அளக்குதுன்னு சொன்னீங்களே, தலையில எந்த இடத்துலன்னு. திசைக்கு சென்ட்ரல் காம்ப்ளக்ஸ்னு மூளை நடுவுல ஒரு அமைப்பு இருக்கு, வெட்டுக்கிளியில வானத்து வெளிச்சக் கோணம் அங்க வரிசையா, வரைபடம் மாதிரி பதிவாகியிருக்கிறதை 2007ல காட்டினாங்க, ராத்திரியில பறக்குற ஒரு காட்டுத் தேனீ வகையில பறக்குற வேகத்தைச் சொல்ற நியூரானை 2017ல அதே அமைப்புல பிடிச்சாங்க. எறும்போட அடிக்கணக்கை வச்சிருக்கிற நியூரானை இன்னும் யாரும் பிடிக்கல. அவன் பன்னெண்டாவது படிக்கிறான். அடுத்த வருஷம் உயிரியல் எடுக்கலாமான்னு அவங்க அம்மாகிட்ட அரபியில ஏதோ பேச ஆரம்பிச்சான், தங்கச்சி வேனர் பேரையும் சான்ட்ஷி பேரையும் அவன் நோட்டுல எழுதிக் கொடுத்தா.